ராயபுரத்து மருந்துக்கடை அண்ணாச்சி

என் தம்பி சந்திரன் மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். பசிக்கிற நேரத்தில் வரிசையில் நிற்பான். வரிசை நகர்ந்து முடியும்போது பசி செத்துப் போயிருக்கும். இப்படியே வருடக்கணக்காக ஓட்டியதில் வயிற்றில் புண் வந்தது. அதற்கு அவன் நம்பியது ஒரே ஒரு மருந்தை. சென்னை ராயபுரத்திலிருந்து, கப்பலில் வேலை செய்யும் ஒருவர் மூலமாக வரும் கரும்பச்சை மணப்பாகு. மணத்தக்காளிக் கீரையின் சாறும் அதிமதுரமும் சேர்த்துக் காய்ச்சிப் பாகாக இறக்கியது. போத்தலின் மேல் ஒரு எழுத்தும் இருக்காது.

அதைக் காய்ச்சுகிறவர் தேவசகாயம் அண்ணாச்சி. தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து போய் ராயபுரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்தவர். மாதம் ஒருமுறை அவரே போன் செய்து வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பார். சந்திரன் ஸ்பீக்கரில் போட்டுத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். பெற்ற அப்பா பேசியபோதுகூட அவன் அப்படிக் கேட்டதில்லை.

இந்த வருடம் அவன் இளைத்துக்கொண்டே வந்தான். படி ஏறினால் மூச்சு வாங்கியது. கிளினிக் டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எங்கோ கசிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சந்திரன் மறுத்துவிட்டான். எங்கள் அம்மா வயிற்று ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். “அண்ணாச்சி சொல்லட்டும், போறேன்” என்றான்.

நானே போன் செய்தேன். அண்ணாச்சி எடுத்தார். “மருந்த விடாம குடிக்கச் சொல்லுங்க தங்கச்சி. எல்லாம் சரியாப் போவும்” என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுமுனையில் காகம் கரைவதும் ஒரு பெண் இருமுவதும் கேட்டது. பிறகு, “மருந்த விடாம குடிக்கச் சொல்லுங்க தங்கச்சி. எல்லாம் சரியாப் போவும்” என்றார். அதே ஏற்ற இறக்கம். முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னார். அதன்பிறகு என் எண்ணிலிருந்து செய்த எந்த அழைப்பையும் எடுக்கவில்லை.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நேரில் போய் அவர் வாயாலேயே சொல்ல வைப்பது என்று கிளம்பினேன்.

ராயபுரத்தில் எனக்குக் கிடைத்த லாட்ஜ் அறையின் சன்னலைத் திறந்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. எங்கள் ஊரிலும் இதே கிரேன்கள்தான். ஆனால் அங்கே துறைமுகத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே வேலியும் சாலையும் வெட்டவெளியும் உண்டு. இங்கே கிரேன் துணி காயப்போடும் கொடிக்கு மேலேயே நின்றது. கீழே உணவகத்தில் இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். பட்டை, சோம்பு, எண்ணெய் மிதக்கும் காரம். அருமையாக இருந்தது. இந்த வயிற்றோடு சந்திரன் இதைத் தொட முடியாதே என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு கேட்டேன்.

லாட்ஜ் மேனேஜரிடம் அண்ணாச்சி கடைக்கு வழி கேட்டேன். ஆர்வமாக ஆரம்பித்தவர், “மருந்துக் கடை அண்ணாச்சியா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே வழி சொன்னார்.

மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி நனைந்த சந்து. கடையின் ஷட்டர் பாதிவரை இறங்கியிருந்தது. வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். லாரி டிரைவர்கள், சுமை தூக்குகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு காலி போத்தல். யாரும் பேசவில்லை. இத்தனை பேர் கூடினால் எங்கள் ஊர்க் கோப்பிக்கடையே அதிரும். இங்கே ஒருவர் செருமினால் மற்றவர் திரும்பிப் பார்த்தார்கள்.

குனிந்து உள்ளே போனேன். மரத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். அதிமதுரத்தின் இனிப்பு வாடை தொண்டைவரை இறங்கியது. கல்லாவில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், புனல் வைத்துப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து வருகிறேன், அண்ணாச்சியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“அவிய இல்லம்மா. வெளிய போயிருக்காவ.”

அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுதியளா? புளிய கொறைங்க, கேட்டியளா.” சந்திரனின் போனில் நான் எத்தனையோ முறை கேட்ட குரல்.

“அது யாரும்மா பேசுறது?”

“அவிய இல்லம்மா. நாளைக்கு வாங்க.”

திரும்பிப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாயங்காலம் பசி எடுத்தது. கடற்கரைச் சாலையோரம் தள்ளுவண்டியில் அத்தோ விற்றார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் என்றார் வண்டிக்காரர். எங்கள் மீ கோரெங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருந்தது. கூடவே வாழைத்தண்டு சூப். “வயித்துக்கு ரொம்ப நல்லதும்மா” என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். குடித்துக்கொண்டிருக்கும்போது சந்திரன் அழைத்தான்.

“அக்கா, கடைக்குப் போனியாமே. அண்ணாச்சி இப்பதான் போன் பண்ணாரு. அக்காவுக்கு ஏன் வீண் அலைச்சல், ஊருக்குப் போகச் சொல்லுங்கன்னு சொன்னாரு.”

அவன் குரல் மெலிந்திருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. நான் சூப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடையில் அதே வரிசை. அதே அம்மாள். “அவிய சடையங்குப்பத்துப் பக்கம் கீரை பறிக்கப் போயிருக்காவ” என்றார். அங்கேயே போய்ப் பிடித்துவிடுவது என்று முனைக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் பெயர் பாபு. நாற்பது வயதிருக்கும். “மருந்துக் கடை தேவசகாயம் அண்ணாச்சியைப் பார்க்கணும், போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறார், தெரியுமா?” என்று கேட்டேன்.

“அண்ணாச்சி தெரியாமலாம்மா. ஏறுங்க” என்றார். வழியில் ஒரு பூக்கடையில் நிறுத்தினார். “மாலை வாங்கிக்கறீங்களா?”

பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்போது மாலை வாங்குவது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டேன்.

வண்டி காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றது. பாபு முன்னால் நடந்தார். சிலுவைகளுக்கு நடுவே, கடல்காற்றில் துருவேறிய கம்பிகளைத் தாண்டி, ஒரு கறுப்புக் கல்லின் முன்னால் போய் நின்றார். கல்லில் போட்டோ பதித்திருந்தது. ஒல்லி முகம், தடித்த கண்ணாடி, வெள்ளை மீசை. தேவசகாயம் என்று பெயர். இறந்தது போன வருடம்.

“இது வேற ஆள்” என்றேன்.

“இன்னாம்மா இப்டி சொல்றீங்க. மருந்துக் கடை அண்ணாச்சி இவரு ஒருத்தர் தான். நான் கூட மண்ணு போட்டேனே.”

“நேற்று என் தம்பியிடம் போனில் பேசினார். நானே கடையில் குரலைக் கேட்டேன்.”

பாபு மாலையை என் கையிலிருந்து வாங்கிக் கல்லின் மேல் போட்டார். “பேசுவாரு. என் சம்சாரத்தாண்டயும் பேசிகினு தான் கீறாரு. அதுக்கும் அல்சரு.”

“அவர் செத்தது உங்க மனைவிக்குத் தெரியாதா?”

“அடக்கத்துக்கு வந்துச்சேம்மா. அவ்ளோ அழுதுச்சு. அடுத்த வாரம் போன் வந்துச்சு. எடுத்தா அண்ணாச்சி. எப்டி கீறே மகளேன்னு கேட்டாரு. அது பதில் சொல்லிச்சு.” கல்லின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தார். “மொதல்ல எனக்கும் ஒரு மாதிரி தான் இருந்துச்சு. தெருவுல யாரும் ஒண்ணியும் கேக்கல. நானும் கேக்கல. வயிறு எரியுதும்மா எல்லாருக்கும். யாராச்சும் கேட்டா நல்லா இருக்குதில்ல.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கல்லாவில் பார்த்த, அவர் மனைவி என்று நான் நினைத்த அம்மாளின் கழுத்தில் தாலிச் சங்கிலி கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“சடையங்குப்பத்துக்கு வண்டிய விடுங்க” என்றேன்.

போகும் வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. சந்திரன் சொல்லும் வரிசைகளுக்கு இது அண்ணன். ஒரு லாரியின் நிழலில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த இருவர் இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பாபு மொழிபெயர்த்தார். இந்த ரொட்டி இறங்குகிற இடத்தில் அடுப்பே தேவையில்லை, ஏற்கெனவே நெருப்பு எரிகிறது என்று ஒருவன் சொன்னானாம். சிரித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மணலியைத் தாண்டும்போது நாக்கில் இரும்புச் சுவை வந்து உட்கார்ந்தது. எண்ணெய் ஆலையின் உயரமான குழாய் நுனியில் பட்டப்பகலில் தீ எரிந்தது. சத்தமே இல்லை. பாபு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். குழியில் இறங்கிய ஆட்டோ அப்படியே நின்றுவிட்டது. பாபு எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. “பேஜாருபா” என்று அலுத்துக்கொண்டே இறங்கினார். “அதோ தெரியுது பாருங்க, சுவரு மட்டும் நிக்குற வூடுங்க. அங்க தான் இருப்பாரு. நான் வண்டியப் பாத்துக்கறேன்.” யார் இருப்பார் என்று நானும் கேட்கவில்லை.

தாழ்ந்த நிலம். வெள்ளம் வந்து போன பிறகு ஆட்கள் திரும்பாத வீடுகள் சில வரிசையாக நின்றன. கூரை இல்லை. சுவர்களில் என் தலைக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு, எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் ஓடியது. உள்ளே, சமையலறையாக இருந்த இடத்திலும் படுக்கை விரித்த இடத்திலும் மணத்தக்காளி இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவ்வளவு கறுத்த பச்சையை நான் கண்டதில்லை. ஒரு வீட்டுச் சுவரில் ஆணியோடு காலண்டர் அட்டை தொங்கியது. காற்றே இல்லை. செடிகளுக்குள்ளிருந்து கீரை கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன்.

சத்தம் நின்றது. செடிகளுக்கு நடுவே ஒருவன் எழுந்தான். முப்பது வயதிருக்கலாம். கல்லறைப் போட்டோவில் பார்த்த அதே ஒல்லி முகம், மீசை மட்டும் கறுப்பு. அவன் உடம்புக்குப் பெரிதான, வயதானவர்கள் போடுகிற வெள்ளைச் சட்டை.

“கிள்ளான் ஆன்ட்டியா?” என்றான். வடசென்னைப் பையனின் பேச்சு. “எப்டியும் வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க. அந்தக் கல்லு சுத்தமா கீது.”

அவன் பெயர் ஜெபராஜ். அண்ணாச்சியின் ஒரே மகன். மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். அப்பா இருந்தவரை கடைப் பக்கமே போனதில்லை என்றான்.

“அடக்கம் முடிஞ்சு வூட்டுக்கு வந்தோம். அம்மா பச்சத் தண்ணி கூட குடிக்கல. சுவத்தப் பாத்துகினே உக்காந்துகினு இருந்துச்சு. அப்பா போன் வேற அடிச்சுகினே இருந்துச்சு. விஷயத்தச் சொல்லிடலாம்னு எடுத்தேன். அழுது அழுது எனக்குத் தொண்ட கட்டிக்கினு இருந்துச்சா, அலோன்னு சொன்னதும் அந்த ஆளு, அண்ணாச்சி, ஒங்க குரலக் கேட்டதும் தான் உசுரு வந்துச்சுன்னாரு. நான் இன்னா பண்ணுவேன் ஆன்ட்டி. அப்பா எப்டி கேப்பாரோ அதே மாதிரி கேட்டேன். ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுதியளான்னு.”

அந்த ஒரு வாக்கியத்தில் அவன் குரல் மாறியது. நான் உட்கார்ந்திருந்த கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“போன வெச்சுட்டுத் திரும்பறேன், அம்மா எழுந்து நிக்குது. தட்டு எடுத்து வெச்சுச்சு. சோறு போட்டுச்சு. சாப்பிடுங்கன்னுச்சு, என்னப் பாத்து. நான் சாப்பிட்டேன். அப்புறம் அதுவும் சாப்பிட்டுச்சு.”

“அம்மாவுக்கு நீ மகன் என்று தெரியாமலா இருக்கும்?”

“தெரியும். புத்தி நல்லாத்தான் கீது. பால் வாங்கினு வாலேன்னு என்னத் திட்டும். ஆனா போன் கையில இருக்கறப்போ நான் அதுக்குப் புள்ள இல்ல.”

பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வந்த வேலை வேறு. என் தம்பியின் நிலைமையைச் சொன்னேன். உன் அப்பா குரலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், அது போதும் என்றேன்.

அவன் மறுப்பாகத் தலையசைத்தான். “முடியாது ஆன்ட்டி. அப்பா சொல்லி நான் கேட்டது மட்டும் தான் அந்தக் குரல்ல வருது. வீண் அலைச்சல்னு ஒங்க தம்பிகிட்ட சொன்னது கூட, தூரத்துலேந்து வர்றவங்களுக்கு அப்பா சொல்றது தான். வேற எதுனா சொல்லலாம்னு வாயத் தொறந்தா என் குரலாப் பூடுது. நீங்க டாக்டர்னு சொன்னப்போ எனக்குப் பதில் தெரியல. அதான் சொன்னதையே சொன்னேன். பயந்து போயி அப்புறம் நீங்க பண்ணா எடுக்கல.”

“என் தம்பி செத்துப்போனால்?”

அவன் குனிந்து மறுபடியும் கீரை கிள்ள ஆரம்பித்தான். நான் எழுந்து நடந்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே, அந்தச் சுவர்களுக்கு நடுவே, தண்ணீருக்குள் நடப்பது மாதிரி இருந்தது. ஆட்டோ அதற்குள் கிளம்பியிருந்தது. பாபு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் நிறுத்தி, இஞ்சி தட்டிப்போட்ட டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை. நான் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது தம்பி மனைவி லெட்சுமி அழைத்தாள். சந்திரன் வாந்தி எடுத்திருக்கிறான், கோப்பித் தூளைக் கரைத்து ஊற்றியதுபோல. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் அவன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். உள்ளே போன் அவனிடம்தான் இருக்கிறது.

கை கழுவாமல் ஓடினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, ஷட்டருக்குள் குனிந்து, கல்லாவைச் சுற்றிக்கொண்டு திரையை விலக்கினேன். ஜெபராஜ் பனியனோடு குண்டானில் கீரை அலசிக்கொண்டிருந்தான்.

“பேசு. அவனுக்குப் போன் போடு. உன் குரலிலாவது பேசு.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஈரக்கையோடு அப்பாவின் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். சந்திரன் மூச்சு வாங்குவது கேட்டது.

“அண்ணே, நான் அண்ணாச்சி பையன் பேசறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே.”

“நீ யாரு?” என்றான் சந்திரன். “அண்ணாச்சிகிட்ட குடு.”

“நான் சொல்றேன்ணே, தயவு செஞ்சு...”

“அண்ணாச்சிகிட்ட குடு.”

ஜெபராஜ் என்னைப் பார்த்தான். அப்போது கல்லாவிலிருந்து அந்த அம்மாள் உள்ளே வந்தார். சுவர் மாடத்திலிருந்து அந்தத் தடித்த கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் கையாலேயே அவன் முகத்தில் மாட்டினார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

“நீங்க பேசுங்க” என்றார்.

“தம்பி” என்றது குரல். “ராத்திரி நேரத்துக்குச் சாப்பிட்டியளா?”

மறுமுனையில் ஒரு விம்மல். “அண்ணாச்சி.”

“புளிய கொறைங்க, கேட்டியளா. மருந்த விடாம...” குரல் நின்றது. அவன் கண் கண்ணாடிக்குள் எதையோ தேடி அலைந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அதனிடம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

“அந்தக் கேள்விய கேளுங்க” என்றார் அந்த அம்மாள், தரையைப் பார்த்தபடி. “நீங்க கேப்பியள்லா.”

எந்தக் கேள்வி என்று அவன் கேட்கவில்லை.

“தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. வெளிக்கிப் போறது கறுப்பாப் போவுதா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா.”

“தாரு மாதிரியா?”

“ஆமா.”

“அப்பம் என் மருந்த கீழ வையிங்க. அது இதுக்கு உள்ளது இல்ல. புண்ணு ரத்தக் கொழாயத் தொட்டிருச்சு. இதுக்கு ஆஸ்பத்திரிதான். எந்திரிச்சு கதவத் தொறங்க.”

“பயமா இருக்கு அண்ணாச்சி.”

“தெரியும். ஒங்க அம்மை தாமசமாப் போனா, அதான் திரும்பல. நீங்க இப்பமே போறிய. திரும்பி வருவிய. கதவத் தொறங்க, நான் லைன்ல இருக்கேன்.”

எங்கள் அம்மாவைப் பற்றி நான் ஜெபராஜிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சந்திரனே ஏதோ ஒரு மாதம் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி உயிரோடிருந்தபோது சொன்னானா, பிறகு சொன்னானா என்று இதுவரை நான் அவனைக் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் இந்துமாக் கடலைத் தாண்டிக் கேட்டது. லெட்சுமியின் அழுகை, ஓடும் காலடிகள், யாரோ மலாயில் வழிவிடச் சொல்வது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை அந்தக் குரல் பேசிக்கொண்டேயிருந்தது. கால நீட்டிப் படுங்க தம்பி. கண்ண மூடாதிய. நான் இங்கனதான் இருக்கேன். திரும்பிப் பார்த்தபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஷட்டருக்கு அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போன் அணைந்தது. ஜெபராஜ் என் பக்கம் திரும்பினான்.

“உக்காருங்க தங்கச்சி. மூஞ்சி வெளிறிக் கெடக்கே. காப்பி குடிக்கியளா?”

என் மகன் வயதுப் பையன் அவன். எனக்கு உடம்பு கூசியது. அந்த அம்மாள் காப்பி போடத் திரும்பினார். அவன் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு போகவே இல்லை. “ஜெபராஜ்” என்று கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கடைசியில் அந்த அம்மாள்தான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏல ஜெபா. தண்ணி குடி.”

அவன் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். பிறகு சிறுபிள்ளை மாதிரி அழுதான். அந்த அழுகை அவனுடையது.

“அந்தக் கேள்வி உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தெரியாது ஆன்ட்டி” என்றான். “சத்தியமா தெரியாது.”

அந்த அம்மாள் குண்டானில் கிடந்த கீரையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “எல்லாரும் வெக்கப்படுவாகள்லா. அதனால அவிய கதவச் சாத்திட்டு உள்ள வச்சுத்தான் கேப்பாவ. கறுப்புன்னு சொன்னா மருந்து குடுக்க மாட்டாவ. இவன் அந்நேரம் வேலைக்குப் போயிருப்பான்.”

சின்ன வயதில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டதை மறந்துமிருக்கலாம். நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிற்பகலில் லெட்சுமி அழைத்தாள். இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். வாய்வழியே குழாய் விட்டு, கசிந்த இடத்தில் கிளிப் போட்டுவிட்டார்கள். வயிற்றில் ஒரு கிருமி இருந்ததாம். அதோடு முதுகுவலிக்கு அவன் தினமும் போட்ட மாத்திரை. மணப்பாகு எரிச்சலை அடக்கி வைத்திருந்தது, அதனால் புண் ஆழமாகப் போனது அவனுக்கே தெரியவில்லை என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லையாம்.

மறுநாள் பாபுவே என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனார். வழியில் தன் மனைவி முதல்நாள் ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். கடை வாசலில் நின்று கேட்டவர்களில் அவளும் ஒருத்தி.

சந்திரன் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவனைப் பார்க்கப் போயிருந்தேன். மேசையில் கஞ்சியும் வேகவைத்த மீனும் இருந்தன. கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, “அண்ணாச்சி ஆள் எப்படிக்கா இருப்பாரு? நீதான் நேர்ல பார்த்தியே” என்றான்.

“ஒல்லியா இருப்பாரு” என்றேன். “தடிச்ச கண்ணாடி. வெள்ளை மீசை.”

அவன் திருப்தியாகத் தலையாட்டினான். நான் சொல்லிக்கொண்டிருந்தது கல்லறைக் கல்லில் பார்த்த முகத்தை.

அப்போது அவன் போன் ஒலித்தது. எடுத்துப் பேசினான், சிரித்தான், மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்றான். பிறகு என்னிடம் நீட்டினான். “அக்கா, உன்கிட்ட பேசணுமாம்.”

காதில் வைத்தேன்.

“தங்கச்சி, தம்பி கஞ்சி குடிக்கானா?”

“குடிக்கிறான்.”

“இப்பம் எல்லார்ட்டயும் மொதல்ல அந்தக் கேள்வியத்தான் கேக்கேன். கறுப்புன்னு சொன்னா, கடைப் பக்கம் வராதிய, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிருதேன். மத்தவியளுக்கு மட்டுந்தான் மருந்து.”

ஜெபராஜ், நீ சாப்பிட்டாயா, உனக்கு ஒரு கல்யாணம் காட்சி வேண்டாமா என்று கேட்க நினைத்தேன். அந்தப் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. மறுமுனையில், தூரத்தில், “சாப்பிட வாங்க” என்று அந்த அம்மாளின் குரல் கேட்டது. எதிரே சந்திரன் கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லதுங்க அண்ணாச்சி” என்றேன். “அவங்க கூப்பிடுறாங்க பாருங்க. போய்ச் சாப்பிடுங்க.”